முப்பத்தோரு மாற்றங்களும் என் அப்பாவும்

என் அப்பா மாசாணம் எழுபத்து நான்கு வருஷமாக எதிலிருந்தெல்லாம் தப்பித்து வந்தாரோ, அதையெல்லாம் நான் தேடிப் பிடித்து, காசு கொடுத்து வாங்கி, வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, 'வாங்கப்பா, வந்து எங்களோடவே இருங்க' என்று கூப்பிட்டேன். கதை இவ்வளவுதான். ஆனால் முழுதாகச் சொல்லாமல் விட்டால் என் மனைவி கயல்விழி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் நான் இன்னும் கேவலமாகத் தெரிவேன். அதனால் நானே சொல்லித் தொலைக்கிறேன்.

என் பெயர் தமிழ்வேந்தன். வயது நாற்பத்தேழு. துடியலூரில் சொந்த வீடு, ஃபவுண்டரி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலை. பகலெல்லாம் இரும்பு உருக்குகிற புகைக்குள் நின்று சம்பளம் வாங்கிவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உலகத்தைக் காப்பாற்றுகிறவன். எங்கள் லேஅவுட் நலச் சங்கத்தில் பசுமைக் குழு என்று ஒன்று உண்டு. அதற்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் வரவில்லை என்பதை நான் வெளியே சொல்வதில்லை.

போன வருஷம் ஒரு கல்லூரியில் இரண்டு நாள் பயிலரங்கம் நடந்தது. குடும்பங்கள் அன்றாடம் செய்யக்கூடிய சின்னச் சின்ன மாற்றங்கள் பற்றி. போகும்போது மனுஷனாகப் போனேன், வரும்போது மகானாக வந்தேன். வந்த கையோடு முப்பத்தோரு மாற்றங்களை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஷவரைக் கழற்றிப் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கெட் தண்ணீர் என்று சட்டம் போட்டேன். டூத்பேஸ்ட் கிடையாது, கரித்தூளும் வேப்பங்குச்சியும்தான். அரிசி வாரத்துக்கு இரண்டு நாள், மற்ற நாளெல்லாம் கம்பு, ராகி, சாமை. ஃபோம் மெத்தை மண்ணில் மக்காது என்பதால் கட்டிலோடு அதைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டுத் தரையில் பவானி ஜமக்காளம் விரித்தேன். கிழிந்த சட்டையை எறியக் கூடாது, ஒட்டுப் போட வேண்டும். அதுவும் ஒட்டு பளிச்சென்று தெரிகிற மாதிரி வேறு நிறத் துணியில் போட வேண்டும். அதுதான் இப்போது நாகரிகம் என்று பயிலரங்கத்தில் சொன்னார்கள்.

கயல்விழி ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாத ஜாதகம். பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுக் கேட்டாள்:

"ஏனுங்க, லிஸ்ட்டு போட்டது நீங்க. இதுல கம்பு அரைக்கறது ஆரு, கரித்தூளு சலிக்கறது ஆரு, மக்கற குப்பையைக் கெளர்றது ஆரு?"

"நம்ம எல்லாருந்தான்."

"எல்லாருமுன்னா நானும் தேஜுவுமுங்களா?"

தேஜு என்பது எங்கள் மகள் தேஜஸ்ரீ. பத்தாவது படிக்கிறாள். மகான்கள் சில கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

அப்பா காரமடையில் இருந்தார். அம்மா காளியாத்தாள் போன தை மாதம் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவர் தனி ஆள். ஆடியில் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு மணி நேரம் எழ முடியாமல் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் குடம் இரவல் கேட்டு வந்ததால்தான் விஷயமே தெரிந்தது. அன்றிலிருந்து எந்த போன் அடித்தாலும் காரமடையோ என்று ஓடிப் போய் எடுப்பேன். எங்களோடு வந்துவிடுங்கள் என்று நானும் கயல்விழியும் மாற்றி மாற்றிக் கெஞ்சினோம். மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை. ஐப்பசியில்தான் ஒரு வழியாக இறங்கி வந்தார்.

"பத்து நாள் இருந்து பாக்கறேன். ஒத்து வந்தா இருக்கறேன். இல்லைன்னா அப்பறம் என்னைத் தொந்தரவு பண்ணப்படாது. சாகற மட்டும் காரமடைதான்."

ஆக, பத்தே நாள். அதற்குள் அவருக்கு எங்கள் வீடு பிடித்துப்போக வேண்டும். பிடிக்காமல் அவர் திரும்பிப் போய்விட்டால், அடுத்த தடவை விழும்போது சென்னியம்மாளுக்குக் குடம் தேவைப்படாமல் போகலாம். இதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

"மாமா இருக்கற பத்து நாளைக்கு மட்டும் இந்த லிஸ்ட்டைக் கழட்டி வெக்கலாமுங்களா?" என்று கயல்விழி அப்போதே கேட்டாள்.

"எதுக்கு? அப்பாவுக்கு இதெல்லாம் புதுசா? அவர் வாழ்ந்த வாழ்க்கையே இதுதானே. நம்மளை விட அவருக்குத்தான் ரொம்பப் புடிக்கும் பாரு" என்றேன்.

கொஞ்சமாவது கூறு இருந்திருந்தால், என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையை என் காதாவது கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். தும்பைப்பூ மாதிரி வெள்ளை டெரிகாட்டன் சட்டை, மடிப்புக் கலையாத இஸ்திரி, முகத்தில் புது சவரம், தோளில் துண்டு, கையில் ஒரு பை. மகன் வீட்டுக்குக் குடிவரலாமா என்று பார்க்க வருகிறவர் இதைவிட அழகாக வர முடியாது. நான் வாசலிலேயே நிறுத்தி, டெரிகாட்டன் சட்டையைத் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் பிரிந்து ஆற்றில் கலப்பதைப் பற்றிச் சொன்னேன்.

"அப்படியா சாமி" என்றார். பிறகு தன் சட்டையை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் பல் விளக்க வந்து நின்றவரிடம் கரித்தூள் கிண்ணத்தை நீட்டினேன். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"பேஸ்ட்டு தீந்துபோச்சுங்களா அம்மணி?"

கயல்விழி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருஷ தாம்பத்தியத்தில் அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான்.

குளிக்கப் போனவருக்கு ஒரு பக்கெட்டைக் காட்டினேன். "எங்கூர்லயே பைப்புல தண்ணி வர்ற அன்னிக்கு ரெண்டு பக்கெட்டு ஊத்துவனேடா" என்றார், யாரையும் குறை சொல்லாத குரலில். மதியம் மண்சட்டியில் கம்மங்கூழ், தொட்டுக்கொள்ள மோர்மிளகாய். அவர் சாப்பிடுகிறவரை எதிரிலேயே உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படீங்கப்பா இருக்குது?"

"அப்படியேதான்டா இருக்குது" என்றார்.

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'மூத்த தலைமுறை நம் முயற்சியை மனதாரப் பாராட்டுகிறது' என்று எழுதிப் போட்டேன். பதினேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். தூ, என் பிழைப்பு!

நான்காம் நாள். ஃபவுண்டரியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கயல்விழி என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"மாமா இன்னிக்கு என்னையக் கேட்டாருங்க. தம்பிக்கு வேலை போயிருச்சா அம்மணி, மறைக்காமச் சொல்லுன்னாரு."

"என்னது?"

"நீங்க ஒட்டுப் போட்ட சட்டையில வேலைக்குப் போறீங்க. கட்டலு மெத்தை எல்லாம் காணோம். ஊட்டுல அரிசிச் சோறு இல்லை. பல்லு வெளக்கப் பேஸ்ட்டு இல்லை. அவரு வேற என்னங்க நெனைப்பாரு? நம்ம நொடிச்சுப் போயிட்டமுன்னு நெனைச்சுப்போட்டாரு. அதனால நாலு நாளா ஒரு கரண்டிக்கு மேல வாங்கறதில்லை. வயிறு நெம்பிருச்சு, வயிறு நெம்பிருச்சுங்கறாரு. மத்தியானம் சென்னியம்மாளுக்குப் போன் பண்ணி, ரேசன் அரிசி வாங்கி ஆருகிட்டயாச்சும் குடுத்து உடச் சொல்றாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன்.

"சிரிக்காதீங்க. உங்களைப் பெத்தவரு நம்ம ஊட்டுல ஒறம்பரைக்கு வந்த விருந்தாளி மாதிரி அரை வயித்துக்குத் திங்கறாரு. பத்து நாள்ல நாலு போயிருச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. கீழே போய் அப்பாவிடம் உட்கார்ந்து விளக்கினேன். வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, இதெல்லாம் பூமியைக் காப்பாற்றுவதற்காக நாங்களாகவே செய்வது என்றேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பூமியா? எப்படா வாங்குனே, எத்தனை ஏக்கரா?"

எங்கள் பக்கம் பூமி என்றால் நிலம். அந்த நிமிஷம் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. அது நம் பூமி இல்லை, மொத்த உலகம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது போய்விட்டது. "அதுசெரி" என்றார். நாளைக்கு இட்லி செய்துவிடு என்று நான் கயல்விழிக்குப் பெருந்தன்மையாக உத்தரவு போட்டேன். ஒரே ஒரு விதிவிலக்கு.

அந்த இட்லியோடு மூட்டையைக் கட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வதில் எனக்கு ஒரு தனித் திறமை உண்டு. சனிக்கிழமை, அதாவது அப்பா வந்த ஏழாம் நாள், பசுமைக் குழுவை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். லேஅவுட்டிலேயே சிறந்த வீட்டுக்குப் 'பசுமை இல்லம்' என்று ஒரு பலகை அடிப்பதாக ஏற்பாடு. அப்பா இருக்கிற நேரத்தில், அவர் கண் முன்னால், என் வீட்டு கேட்டில் பலகை அடித்தால் அவருக்கு என் மேல் ஒரு மதிப்பு வரும், இங்கேயே தங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். பொய் சொல்வானேன், பலகை எனக்கே வேண்டியிருந்தது.

நான்கு பேர் வந்தார்கள். சங்கத் தலைவர் மைதீன் பிச்சை பாய், உக்கடத்தில் முப்பது வருஷம் ஹார்டுவேர் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். பலகையோடு சுத்தியலும் ஆணியும் அவரே கொண்டு வந்திருந்தார். ஐ.டி. கம்பெனி யஷ்வந்த், குழுவின் போட்டோ, வீடியோ எல்லாம் அந்தத் தம்பிதான். இன்னும் இரண்டு பேர். அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். பாய் கைகூப்பி, "பெரியவருக்கு வணக்கமுங்க" என்றார். அப்பாவும் உட்கார்ந்தபடியே கைகூப்பினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்த நாளுக்கென்றே ஆன்லைனில் ஒன்று வரவழைத்திருந்தேன். பாலிஷ் போட்ட கொட்டாங்குச்சிக் கப்புகள், ஆறு. அதில் சுக்குக் காப்பி ஊற்றித் தட்டில் அடுக்கி, நானே எடுத்து வந்தேன். பாய்க்குக் கொடுத்தேன், யஷ்வந்துக்குக் கொடுத்தேன், மற்ற இருவருக்கும் கொடுத்தேன். 'அட, அட' என்று ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். பிறகு அப்பாவிடம் போய் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"சாப்பிடுங்கப்பா."

அப்பா கொட்டாங்குச்சியைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். கொஞ்சம் குனிந்து, இரண்டு கையாலும் என்னிடமிருந்து அதை ஏந்தி வாங்கினார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் கூடத்தைக் கடந்து, வாசல்படி இறங்கி, காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து குடித்தார். குடித்து முடித்ததும் செடிக்கு வைத்திருந்த குழாயில் அதைக் கழுவினார். சுவர் மேல் கவிழ்த்து வைத்தார். அங்கேயே குந்திக்கொண்டார்.

தட்டை எங்கே வைத்தேன் என்று இப்போதும் தெரியாது.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாங்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்த சனம். அப்பா எட்டு வயதிலிருந்து ஒரு தோட்டத்தில் பண்ணையாள். அங்கே எங்கள் ஆட்களுக்கு டம்ளர் கிடையாது. மாட்டுச்சாளைக் கூரையில் ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி செருகியிருக்கும். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே குந்தி, இரண்டு கையாலும் அதை ஏந்தினால் மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். எனக்கு ஆறு வயதில் ஒரு நாள் அப்பாவோடு போனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். எனக்கும் ஒன்று தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அதை வீட்டில் வந்து சொன்ன அன்றைக்குத்தான் அம்மா ஆங்காரமாகச் சண்டை பிடித்து என்னை ஹாஸ்டலில் சேர்க்க வைத்தாள். அந்த வருஷமே அப்பா தோட்டத்தை விட்டு மில் வேலைக்குப் போனார்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பச்சைப் பொய். மறக்க வேண்டும் என்றே மறந்தேன். மறந்து மறந்து எந்த அளவுக்குத் தேறினேன் என்றால், பெட்டியில் 'கைவினைப் பொருள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பூரித்துப்போய், ஐந்து நட்சத்திரம் போட்டு விமரிசனம் எழுதினேன்.

"சார், அங்க பாருங்க, என்ன ஒரு இயற்கையான போஸ்!" என்றான் யஷ்வந்த். நல்ல பையன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஜன்னல் வழியாக அப்பாவைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டான். 'மண்ணோடு வாழ்ந்த மனிதர்' என்று தலைப்பு. வெளியே பாய் கேட்டில் பலகை அடிக்கிற சத்தம். அதற்கு நாலடி தள்ளி என் அப்பா குந்தியிருக்கிறார். என் கையில் போன் துள்ளித் துள்ளி விழுகிறது. 'அருமை', 'வாழும் முன்னுதாரணம்', 'தந்தைக்கேற்ற மகன்'. நான் என்ன செய்தேன் தெரியுமா? கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போட்டு நன்றி தெரிவித்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

அவர்கள் போன பிறகு தேஜு கேட்டாள்: "தாத்தா ஏன்ப்பா வெளிய போய் உக்காந்துட்டாரு? கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறாரு."

அவளுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமல் வளர்த்ததைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். "காத்து வாங்கறாரு" என்றேன்.

அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பொறப்படறனுங்க அம்மணி. அங்க ஊடு பூட்டிக் கெடக்குது."

"இன்னும் ரெண்டு நாள் இருக்குதுங்களே மாமா."

"போதுங்கண்ணு. பாத்தாச்சு."

கயல்விழி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவளும் அந்தக் கொட்டாங்குச்சி எது என்று தெரிந்த வீட்டுப் பெண்தான். முந்தின நாள் நான் பெட்டியைப் பிரித்தபோது ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்ததால் தடுக்க முடியவில்லை; தேஜு சொல்லித்தான் விஷயமே தெரிந்தது.

"நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க. மாமா திரும்பி வந்தா நீங்களும் வாங்க. இல்லைன்னா காரமடையிலயே கரித்தூள்ல பல்லு வெளக்கிக்கிட்டு இருங்க."

காரை எடுத்தேன். இதுவரை நான் காரைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முப்பத்தோரு மாற்றங்களில் கார் கிடையாது. தினமும் ஃபவுண்டரிக்கு ஒற்றை ஆளாக, கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளுகுளு என்று போய்வருகிறவன் நான். பட்டியலை எழுதும்போது பேனா அந்தப் பக்கமே போகவில்லை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனோம். பிறகு நான், "அப்பா, என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நேத்து அந்தக் கொட்டாங்குச்சி."

அப்பா வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "உன்ற மேல எனக்கென்னடா கோவம். என்ற மேலதான் எனக்கு ஆத்தமாட்டாமக் கெடக்குது. நீ நீட்டுனே. நான் பாட்டுக்குச் சேர்ல உக்காந்தபடியே வாங்கிக் குடிச்சிருக்கலாமல்ல? அதைக் கண்ணுல கண்டதும் காலு தானா எந்திரிச்சிருச்சு. துண்டு தானா எறங்குது. என்ற பையன் ஊட்டுல, என்ற பேத்தி பாக்கப் பாக்க, நான் போயி வெளிய குந்தறேன். நாப்பது வருசமாச்சுடா அந்தத் தோட்டத்தை உட்டு. இந்தக் காலு இன்னும் அங்கயேதான் நிக்குது. கருமம் புடிச்ச காலு."

தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். அழுதார். அம்மா போனபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"உனக்கு அதெல்லாம் தெரியாது. நீ ஹாஸ்டல்ல வளந்தவன்" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

அதற்குப் பிறகும் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "தெரியுமுங்கப்பா. பாத்திருக்கறேன். எனக்கும் ஒண்ணு குடுத்தாங்களே, அன்னிக்கு."

அப்பா மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். "தெரிஞ்சுமாடா காசு குடுத்து வாங்குனே?"

"ஆமாங்கப்பா."

"ஆறா?"

"ஆமாங்கப்பா. ஆறு."

"உனக்குக் கூறு இருக்குதாடா?"

"இல்லீங்கப்பா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சண்டைக்கு வந்தார்.

"உன்ற ஊட்டுல என்ன இருக்குதுன்னு நான் வந்து இருக்கறது? கரித்தூளு, கம்மங்கூழு, கீழ படுக்கை, ஒட்டுத்துணி, ஒரு பக்கெட்டுத் தண்ணி. இந்த எளவெல்லாம் வேண்டாமுன்னுதானே மில்லுல நின்னு கெடந்து உன்னையப் படிக்க வெச்சேன்? நீ படிச்சுப்போட்டு அத்தனையும் ஒண்ணு உடாம வாங்கி வெச்சிருக்கறே!"

பயிலரங்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

"என்ன வேணுமுன்னு நீங்க சொல்லுங்கப்பா. எதுவானாலும் செய்யறேன். இருந்தாப் போதும். நீங்க அங்க தனியா உளுந்து கெடந்தா எனக்கு உசுரே போயிருமுங்கப்பா."

அப்பா, முன்னால் காற்று வருகிற துளைப் பக்கம் கையைக் கொண்டுபோனார். விரலை விரித்து வைத்துக்கொண்டார். சட்டையின் மேல் பித்தானைக் கழற்றி நெஞ்சிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

"இந்தக் காத்து ஊட்டுல வருமா?"

"ஏசிங்களா?"

"ஏசிதான். அத்தனை வெய்யில்ல நின்னாச்சு. வேசகால மத்தியானத்துல, வெளிய அனலடிக்கறப்ப, கதவைச் சாத்திப்போட்டு, குளுருதுன்னு போத்திப் படுக்கோணுமுன்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஆருகிட்ட சொல்றது."

ஏசிக்கு எதிராக மூன்று லேஅவுட்டில் பேசியவன் நான். நாய் வாலை நிமிர்த்த முடியுமா, என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஒலகமே சூடாகிக்கிட்டு இருக்குதுங்கப்பா."

"அதனாலதான்டா கேக்கறேன்."

பெரியநாயக்கன்பாளையம் போய் வண்டியைத் திருப்பினேன். வீடு வரும்வரை அவர் கையைத் துளையிலிருந்து எடுக்கவில்லை. ஷவரும் வேண்டும், கட்டிலும் வேண்டும், பேஸ்ட் சிவப்பாக ஒன்று வருமே அது வேண்டும் என்று வழியெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டே வந்தார். பட்டியல் போடுவது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது போல.

"ஆனா பத்து நாள் பத்து நாள்தான். செவ்வாக்கெழமை சொல்றேன், இருக்கறதா போறதான்னு" என்று இறங்கும்போது கறாராகச் சொன்னார்.

அன்று சாயங்காலமே தேஜுவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். யஷ்வந்திடமும் சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று. போட்டோவை என் எதிரிலேயே அழித்தான். திங்கட்கிழமை லீவு போட்டு, கட்டில் வாங்கிப் போட்டு, ஏசியை மாட்டினேன். சத்தமே வராத ரகம் என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்தது. சுவரில் ஓட்டை போடுகிற சத்தம் கேட்டு மைதீன் பிச்சை பாய் வந்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, பசுமை இல்லத்துல ஏசிங்களா?"

"ஆமாங்க பாய். பலகையை வேணாக் கழட்டிக்குங்க."

யோசித்துச் சொல்கிறோம் என்று போனார். சங்கம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. நான் அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகிறேன். கார் சும்மா நிற்கிறது. ஃபிரிட்ஜில் இப்போது ஒன்பது மாற்றங்கள்தான் இருக்கின்றன, ஒன்பதும் நான் செய்ய வேண்டியவை. கயல்விழி தன் கையால் எழுதி ஒட்டினாள். குப்பையைக் கிளறும்போது புழுவைப் பார்த்து நான் அலறியதைத் தேஜு வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். நல்ல வேளை, இன்னும் குழுவில் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்தாவது நாள். அன்றும் லீவு போட்டேன். மதியம் அப்பா அரிசிச் சோறும் கறிக்குழம்பும் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அறைக் கதவைச் சாத்தினார். கட்டிலில் கால் நீட்டி, கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டார். இருக்கிறாரா போகிறாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தண்ணீர்ச் சொம்பை வைக்கிற சாக்கில் உள்ளே போய், ஜன்னல் திரையைச் சரி செய்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது அவர் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"ஏனுங்கண்ணா, நான் சென்னியம்மா பேசறனுங்க. எப்ப வாரீங்க ஊட்டுக்கு?"

"நான் ஊட்டுலதானே இருக்கறேன்."

"எந்த ஊட்டுலீங்க? இங்க கதவு பூட்டியிருக்குதுங்களே?"

"எங்க ஊட்டுலம்மா. துடியலூரு. சித்த சத்தமாப் பேசு, ஏசி ஓடுது."